கடைசி வரிசை நோட்டு

"அதே ஆள்தான் சார். நாலாவது வாரமா வந்து கடைசி வரிசையில உட்கார்ந்திருக்காரு," என்றார் டிக்கெட் கிழிப்பவர்.

மேனேஜர் அரங்கின் கதவை லேசாகத் திறந்து பார்த்தார். எப்போதோ படுத்துப்போன ஒரு அடிதடிப் படத்தைத் தூசி தட்டி ஓட்டியதில் சனிக்கிழமை தவறாமல் ஹவுஸ்ஃபுல். திரையில் அட்டை டாங்கி மேல் நின்ற மந்திரி, "நாட்டுக்காகச் சாகத் தயார்!" என்று முழங்க, பீரங்கி மடங்கித் தொங்கியது. விசில் பறந்தது. அந்த ஆள் மட்டும் சிரிக்காமல் நோட்டில் எழுதினார்.

"எட்டிப் பார்த்தேன் சார். மந்திரி என்ன பேசினாரு, எத்தனை பேர் சிரிச்சாங்க, எல்லாம் நேரத்தோட குறிச்சிருக்காரு."

"ஆட்சியைக் கிண்டல் பண்ற படம்னு எவனோ போட்டுக் கொடுத்துட்டான்யா. தியேட்டரையே இழுத்து மூடிடுவாங்க!"

இடைவேளையில் மேனேஜர் டீயோடு போய் அவரிடம் குழைந்தார்.

"சார், ஜனங்க விவரம் தெரியாம சிரிக்குதுங்க. இதுல கிண்டலே கிடையாது. மந்திரி பேசுறது அத்தனையும் உண்மையான தேசபக்தி. சத்தியமா சார்!"

அந்த ஆள் சட்டென்று எழுந்து மேனேஜரின் கையைப் பிடித்துக்கொண்டார். கண்கள் கலங்கியிருந்தன.

"சிரிக்கிற இடத்தையெல்லாம் எழுதி எழுதி நோட்டே தீர்ந்துபோச்சு. இத்தனை வருஷத்துல நீங்க ஒருத்தர்தான் சார் என் படத்தைச் சரியாப் புரிஞ்சுக்கிட்டீங்க!"