ஸ்கைலாப் விழாத இடம்

அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் பூமியில் விழப்போகிறதென்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்த எழுபத்தொன்பதாம் வருஷம். கீழ்வேளூர்ப் பக்கம், கூலிக்காரர்களைக் குடிசை மனையிலிருந்து கிளப்பப் போட்ட வழக்கில் தோற்றிருந்த பண்ணையார் பஞ்சநதம், அந்தி வானில் நகர்ந்த வெளிச்சத்தைப் அந்தக் குடிசைத் தெருப் பொன்னுத்தாய்க்குக் காட்டினார்.

“அதோ போகுது பாரு! உங்க குடிசைங்க மேலதான் விழுமாம். எல்லாரும் காலி பண்ணிடுங்க.”

“எங்க இருந்தா உசிரு தப்புமுங்க?”

“மச்சு வீடுன்னா தாங்கும்.”

பொன்னுத்தாய் மறுபேச்சில்லாமல் பாயைச் சுருட்டினாள். தெருவே சாமான் கட்டியது. பஞ்சநதத்துக்கு வாயெல்லாம் பல்.

கடைத்தெருவுக்குப் போய்விட்டு வீடு திரும்பியவர் திகைத்து நின்றார். அவர்களை வாசற்படி ஏறவிடாத அவர் வீட்டுக் கூடம் முழுக்கப் பாய்கள். நடுவில் பொன்னுத்தாய் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“ஊருல மச்சு வீடு இது ஒண்ணுதானுங்களே!”

“ஸ்கைலாபும் விழாது, ஒண்ணும் விழாது! குடிசைக்கே போய்த் தொலைங்க!” என்று கத்தினார்.

பொன்னுத்தாய் எழுந்திருக்கவில்லை.

“இன்னும் சத்தமாச் சொல்லுங்க. வாசல்ல நிக்கிற எங்க சனத்துக்கும் கேக்கணும்.”