பாக்குவெட்டி

"படுங்கம்மா," என்றாள் நர்ஸ்.

"மாட்டேன். நிக்கும்போதுதான் இடது விலாவுல வலி உயிர் போகுது, சிறுநீர்ல ரத்தம் வருது. நிக்கவெச்சே ஸ்கேன் எடுங்க."

ஸ்கேன் டாக்டர் நர்ஸிடம் அலுத்துக்கொண்டார். "மூணு தடவை படுக்கவெச்சுப் பார்த்தாச்சு, எல்லாம் நார்மல். இவங்களுக்குப் பிடிவாதம்தான் நோய்."

"அதையும் சேர்த்தே பாருங்க." அவள் அசையவில்லை.

வேறு வழியின்றி, நின்றவளின் வயிற்றில் கருவியை வைத்தவர் திரையைப் பார்த்துத் திகைத்தார். இடது சிறுநீரகத்தின் சிரை இரண்டு தமனிகளுக்கு நடுவே, பாக்குவெட்டியில் அகப்பட்ட பாக்கைப்போல நசுங்கியிருந்தது.

"நிக்கணும்னு உனக்கு யார் சொன்னது?" என்றார் டாக்டர்.

"நீங்கதான். கல்யாணமான நாள்லேர்ந்து, வலிக்குதுன்னாலே 'போய்ப் படு, சரியாயிடும்'னு விரட்டுவீங்களே? உங்க பேச்சைக் கேட்டுப் படுத்தேன், சரியாச்சு. அதனாலதான் இன்னிக்கு உங்க பேச்சைக் கேட்காம நின்னேன்."