பதினொரு பிள்ளைகள்

“அஞ்சு பேர் இன்னும் அம்மாவை விட்டு வரலை சார்” என்றாள் அவள், கண்ணைக் கசக்கியபடி.

“மீதி ஆறு பேர்?”

“வந்துட்டாங்க. ஒருத்தர் விட்டு ஒருத்தரா வந்திருக்காங்க.”

அலுவலகத்தின் ஊழியர் பட்டியல் எக்ஸ்எம்எல் என்ற வகைக் கணினிக் கோப்பில் மரம்போலக் கிளைத்திருந்தது. பிரிவின் தலைப்பு தாய். அதன்கீழ் உள்ள பெயர்கள் பிள்ளைகள். அவளுடைய பிரிவை வேறொன்றோடு இணைக்கப் போவதாகப் பேச்சு. “முதல்ல பதினொரு பேரையும் அங்கேருந்து எடுங்க, மத்ததை அப்புறம் சொல்றேன்” என்று மேலாளர் அவள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பதினொன்றாவது பெயர் அவளுடையது.

பெயர்களை எடுக்க அவள் எழுதிய நிரலில் பிழை எங்கே என்று தெரிந்துவிட்டது. ஒரு பெயரை உருவியதும் அடுத்தது அதன் இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. நிரலோ அதைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறது. இத்தனை வருட அனுபவத்துக்கு இது வெட்கக்கேடு. ஆனால் வெட்கப்படக்கூடத் தெம்பில்லை.

இந்த ஆண்டில் இது மூன்றாவது மாற்றம். ஒவ்வொரு முறையும் புதுத் தலைவர், புது நாற்காலி, பழைய முதுகுவலி. எங்கே போட்டாலும் சரி, இந்தப் பத்து முகங்களும் கூட இருந்தால் போதும் என்ற இடத்துக்கு அவள் மனம் வந்திருந்தது.

“அக்கா, எந்த மாடின்னாலும் பரவாயில்லை, பிளக் பாயிண்ட் பக்கத்துல எனக்கு இடம் போட்டுடுங்க” என்று எதிர்மேசையிலிருந்து குரல் வந்தது. போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு எப்போதும் சுவரோடு ஒட்டிக்கிடப்பதால் அந்தப் பெண்ணுக்குப் ‘பல்லி’ என்று பெயர்.

“உன்னை நேரா சுவத்துலயே ஒட்டிடறேன், போடி.”

சிரித்த கையோடு மேலாளரிடம் கேட்டுவிட்டாள். “சார், ஒண்ணே ஒண்ணு. எங்களைத் திசைக்கு ஒருத்தரா பிச்சுப் போட்டுடாதீங்க.”

அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார். “பிரிக்க மாட்டோம்மா. பதினொரு பேரும் ஒண்ணாத்தான் போவீங்க.”

பல நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் ஒன்று இறங்கியது. அவள் நிரலை மாற்றி எழுதினாள்.

இந்த முறை ஒரு ‘துண்டு’ உருவாக்கினாள். எந்த மரத்தையும் சேராத, கனமே இல்லாத பை மாதிரி அது. கோப்பில் அதற்கு இடம் கிடையாது. நிரல் ஓடும்வரைதான் அதற்கு ஆயுள்; மூடினால் உள்ளே இருப்பதும் அதோடு போய்விடும். முதல் பெயரை எடு, பையில் போடு, மறுபடியும் முதல் பெயரை எடு. தாய் காலியாகும்வரை அவ்வளவுதான். இதில் நகல் எதுவும் தங்காது. இங்கே வந்த பெயர் அங்கே இருக்காது.

எண்ணிப் பார்த்தாள். பதினொன்று. ஒருவர்கூட விடுபடவில்லை.

“எல்லாரும் பையில ஏறியாச்சு சார். ஒரே வரியில மொத்தமா இறக்கிடலாம். எந்தப் பிரிவுல சேர்க்கட்டும்?”

மேலாளர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

“எங்கேயும் சேர்க்க வேண்டாம்மா. அப்படியே சேவ் பண்ணி மூடிடுங்க.”