நாலு வாய்க் கஞ்சி

“பேஷன்ட்டுக்கு எதுவும் சாப்பிடக் கொடுக்கக் கூடாதுன்னு வீட்டுக்காரங்ககிட்ட சொன்னீங்களா, இல்லையா?”

நுகர்வோர் கோர்ட்டில் தலைவர் கேட்டார். கூண்டில் நின்றவள் நர்ஸ் பிரகதீஸ்வரி. பதினெட்டு வருஷ சர்வீஸ்.

அவள் எதிர் பெஞ்சைப் பார்த்தாள். அங்கே பேஷன்ட்டின் தாய் லத்தீஃபா இவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“சொல்லலைங்க.”

ஆஸ்பத்திரி வக்கீல் இளவழகன் எழுந்தே விட்டார். “சார், பிரமாணப் பத்திரத்துல சொன்னதா கொடுத்திருக்காங்க.”

“அது வக்கீல் சார் எழுதினது. நான் கையெழுத்துதான் போட்டேன். அன்னிக்கு ரெண்டு வார்டுக்கும் நான் ஒருத்திதான். மறந்துட்டேன்.”

மறந்துவிட்டாளாம். எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள்.

கூத்தாநல்லூர் லத்தீஃபாவின் மகள் ஆஷிகா, பிளஸ் டூ படித்த பெண். குடல்வால் ஆபரேஷனுக்கு அட்மிட் செய்திருந்தார்கள். அது ரமலான் மாதம். சாயங்காலம் பள்ளிவாசலிலிருந்து வந்த கஞ்சியில் நோன்பு திறக்க உட்கார்ந்தாள் லத்தீஃபா. பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போது தான் மட்டும் குடிக்க மனசு வரவில்லை. அவளுக்கும் நாலு வாய் ஊட்டினாள்.

ஒரு மணி நேரத்தில் ஆபரேஷன். சாப்பிட்டாயா என்று டாக்டர் கேட்டதற்கு, வலி ஊசி போட்டுக் கிறங்கிக் கிடந்த பெண் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள். மயக்க மருந்து ஏறியதும் வாந்தி வந்து நுரையீரலில் இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் ஜனாஸா தொழுகை, அடக்கம்.

இரண்டு வருஷமாக வழக்கு ஒரே கேள்வியில் நின்றது. கஞ்சி கொடுக்கக் கூடாதென்று தாயிடம் சொன்னார்களா? கேஸ் ஷீட்டில் அந்த இடம் காலி. கோர்ட்டுக்கு எழுதியிருந்தால்தான் நடந்த மாதிரி. மிச்சம் இருந்தது நர்ஸின் வாய் ஒன்றுதான்.

வராந்தாவில் இளவழகன் அவளைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, புத்தி கெட்டுப் போச்சா? சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கேஸ் நம்ம பக்கம்.”

அவள் படியைப் பார்த்து நடந்தாள்.

“ஓனர்கிட்ட பேசிட்டேன். நாளையிலேருந்து வர வேண்டாமாம். இந்தப் பக்கத்துல இனிமே எந்த ஆஸ்பத்திரியிலயும் உன்னை உள்ள விட மாட்டாங்க. நர்சிங் கவுன்சிலுக்கும் எழுதுவாங்க.”

“சரிங்க சார்.”

படியிறங்கும்போது லத்தீஃபா குறுக்கே வந்து நின்றாள். வழக்குப் போட்ட மகன் அஸார் பின்னாலேயே ஓடி வந்தான்.

“ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் புள்ள இருந்திருக்குமே. எனக்கு என்ன தெரியும்? பள்ளிவாசல் கஞ்சி, நல்லதுதான் செய்யும்னு ஊட்டினேன். என் கையாலேயே ஊட்ட வச்சிட்டியே.”

“தப்புதாங்க.”

“நீயும் ஒரு புள்ளையப் பெத்தவதானே? உன் வீட்டுல இப்படி நடக்கணும். அப்பத்தான் தெரியும் உனக்கு.”

கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தர்கூட, விடுங்கம்மா என்று சொல்லவில்லை. அவளுக்கு அது வேண்டியதுதான் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அஸார் தாயைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவுக்கு அழைத்துப் போனான்.

கொஞ்ச நேரம் கழித்து, நன்னிலம் பஸ்ஸுக்காக நின்றவளிடம் அவன் மட்டும் திரும்பி வந்தான்.

“சிஸ்டர்.”

“இன்னும் ஏதாவது திட்டணுமா தம்பி? திட்டிக்கங்க.”

“நீங்க சொன்னீங்க சிஸ்டர். நான் கட்டிலுக்குப் பக்கத்துலதான் நின்னேன். தண்ணிகூட கொடுக்காதீங்கன்னு ரெண்டு தடவை சொன்னீங்க. அப்புறந்தான் நான் நோன்பு திறக்கப் பள்ளிவாசலுக்குப் போனேன்.”

பிரகதீஸ்வரி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தெரிஞ்சும் ஏன்டா கேஸ் போட்டன்னு கேட்க மாட்டீங்களா?”

அவனே சொன்னான்.

“உம்மாவுக்கு அன்னிக்குக் கஞ்சி ஊட்டினதைத் தவிர எதுவும் ஞாபகம் இல்ல. ‘யாராச்சும் நம்மகிட்ட சொன்னாங்களாடா, நாந்தான் கேக்கலையா’ன்னு நாள் பூரா அதே கேள்வி. யாரும் சொல்லலம்மான்னு சொன்னேன். நம்பல. ரெண்டு தடவை கிணத்தடியிலேருந்து இழுத்துட்டு வந்தோம். கோர்ட்டு சொன்னாலாவது நம்புவாங்கன்னுதான் போட்டேன். உங்க பொழப்பு போகும்னு நினைக்கல. நினைச்சிருந்தாலும் போட்டிருப்பேன். உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன் சிஸ்டர்.”

“இப்ப நம்பிட்டாங்களா?”

“ஆட்டோவுல ஏறினதும், ‘அப்ப நான் கொல்லலடா’ன்னாங்க. ரெண்டு வருஷத்துல இன்னிக்குத்தான் அவங்களா வாயத் திறந்து பசிக்குதுன்னு கேட்டிருக்காங்க.”

“போய் முதல்ல சாப்பிட வாங்கிக் கொடுங்க.”

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. நடுரோடு என்றும் பார்க்காமல் கையெடுத்துக் கும்பிட்டான்.

“ரெண்டு தடவை சொன்னவங்க மேலேயே பழியப் போட்டுட்டேன்.”

பஸ் வந்து நின்றது. அவள் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“ரெண்டு இல்ல தம்பி, மூணு. நீங்க பள்ளிவாசலுக்குப் போனப்புறமும் ஒரு தடவை சொன்னேன். உங்க உம்மா என் கையைப் பிடிச்சிக்கிட்டு, ‘சரிம்மா’ன்னாங்க. அவங்களுக்கு அது ஞாபகம் வராம பார்த்துக்கங்க.”