இரண்டு பக்கமும் கறுப்பு

“தம்பி, இந்த அகலமான கம்ப்யூட்டர் திரையில என்னோட பழைய கேம் கன்சோலைச் செருகினா படம் முழுசா நிறையுமா?” என்று கேட்டார் பெரியவர்.

அந்த மாதம் ஒரு திரைகூட விற்காத விற்பனையாளன், முதலாளி முறைப்பதைக் கவனித்தான். இன்றும் விற்காவிட்டால் வேலை போய்விடும்.

“நிறையாதுங்க ஐயா. கன்சோல் அனுப்புற படம் பதினாறுக்கு ஒன்பது அளவு, இந்தத் திரை அதைவிட அகலம். ரெண்டு பக்கமும் கறுப்பாக் கிடக்கும். இழுத்து நிரப்பினா ஓடுறவனெல்லாம் குண்டாத் தெரிவான்.”

“படமாவது தெளிவா இருக்குமா?”

“பழைய கன்சோல் எத்தனை பிக்சல் புள்ளி அனுப்புதோ அவ்வளவு தெளிவுதாங்க. வீட்டு டிவியே போதும்.”

பெரியவர் எதுவும் வாங்காமல் வெளியே வந்து மனைவிக்குப் போன் போட்டார்.

“நம்ம பொண்ணுக்குத் தரகர் சொன்ன பையனைச் சோதிச்சுட்டேன். வாயில பொய்யே வரலை.”

“அப்போ பேசி முடிச்சிடலாமா?”

“வேண்டாம்டி. உண்மை பேசியே நம்ம பொண்ணைப் பட்டினி போட்டுடுவான்.”