703-ஆம் வீட்டு வாளி

"பெரியம்மா, நீங்க ஒருத்தங்கதானே இருக்கீங்க? உங்க வாளி மட்டும் ஏன் எங்க வாளியவிடக் கனமா இருக்கு?"

போன வாரம் ஐந்தாம் மாடிச் சிறுமி ஹாரின் கேட்ட கேள்வி அது. மிச்சச் சாப்பாட்டைக் கொட்டும் பெட்டிக்கு முன்னால் அப்போது நாலு பேர் நின்றிருந்தார்கள். வீட்டு அட்டையைக் காட்டினால் அந்தப் பெட்டியின் மூடி திறக்கும். கொட்டியதும் எத்தனை கிலோ என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிடும். 703-ஆம் வீட்டுப் போக்நம் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டாள். கேள்வி மட்டும் மாடி மாடியாகப் போய், குடியிருப்புத் தலைவி ஜம்சுன் காதில் விழுந்துவிட்டது.

இன்று மாலை ஜம்சுன் கையில் பட்டியலோடு போக்நம் வீட்டுக்கே வந்து உட்கார்ந்திருந்தாள்.

"முப்பத்தொரு கிலோ! ஒரே மாசத்துல! வீட்டுக்குள்ள யானை கீனை வளர்க்கறியாடி?"

பள்ளிக்கூடச் சமையலறையில் காலையிலிருந்து நின்ற கால்களைப் போக்நம் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். "அளவு தெரியாமச் சமைச்சிடறேன்க்கா."

"யாரு, நீயா? தினமும் முந்நூறு பிள்ளைங்களுக்கு அளந்து சமைக்கிறவளுக்கு ஒத்தை வயித்துக்கு அளவு தெரியல. அத நான் நம்பணும்!"

"நம்பாட்டிப் போங்க. எனக்குப் பேசத் தெம்பில்ல."

"தெம்பில்லன்னா விட்டுடுவாங்களா? சங்கத்துல முடிவு பண்ணியாச்சு. அதிகமா வீணடிச்ச வீட்டு நம்பரும் பேரும் நாளைக்கு லிஃப்டுல ஒட்டணும். இந்தக் கட்டடத்துப் பிள்ளைங்க பாதி உன் பள்ளிக்கூடத்துலதான் சாப்பிடுது. 'இவளா நம்ம பிள்ளைங்களுக்குச் சமைக்கிறா'ன்னு ஒருத்தி வாயத் தொறந்தாப் போதும். அடுத்த மாசம் உன்ன வேலையில வெச்சுக்குவாங்களாங்கறதே சந்தேகமா இருக்கு."

போக்நம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜம்சுன் குரலைத் தணித்தாள். "பத்து வருஷமா சர்ச்சுல ஒரே பெஞ்சுல உட்கார்றோம். அந்த உரிமையில கேக்கறேன். காரணத்தைச் சொல்லு. ஒட்டாம நான் பாத்துக்கறேன்."

"காரணம் ஒண்ணுமில்லக்கா. ஒட்டிடுங்க."

"அழுத்தக்காரி! பக்கத்து வீட்டுல என் மருமக சுல்பியப் பாரு. ரெண்டு மாசம் முன்னாடி என் மகன் கப்பல் வேலைக்குப் போனதுலேருந்து அவளும் உன்ன மாதிரி ஒண்டிதான். ஒரு மாசத்துக்கு ரெண்டே கிலோ!"

"சுல்பி நல்ல பொண்ணுக்கா."

"பேச்சை மாத்தாத. அப்படி என்னதான் கொட்டறேன்னு நானே பாக்கறேன்."

ஜம்சுன் விறுவிறுவென்று சமையலறைக்குள் போனாள்.

"அக்கா, வேண்டாம்! அத விடுங்க!"

போக்நம் எழுந்து வருவதற்குள் வாளியின் மூடி திறந்துவிட்டது. பூண்டும் நெத்திலியும் கலந்த வாடை கூடம்வரைக்கும் வந்தது.

ஜம்சுன் வாளிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது வைவாள் என்று போக்நம் காத்திருந்தாள். ஜம்சுன் வையவில்லை. மூடியை மெதுவாகப் பொருத்தினாள். வாசலில் போய்ச் செருப்பை மாட்டினாள்.

"ஒட்டப் போறீங்களாக்கா?"

"ஒட்டித்தானே ஆகணும்" என்றாள் ஜம்சுன், திரும்பிப் பார்க்காமல்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் போக்நம் வேலைக்குக் கிளம்பினாள். தூக்கமில்லாமல் கண் எரிந்தது. பக்கத்தில் சுல்பி வீட்டுக் கதவுப் பிடியில், தினமும் தொங்கும் நாலடுக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்துக்குப் பதிலாக, கண்ணாடிக் கிண்ணம் ஒன்று பையில் தொங்கியது. ஒருவர் குடிக்கிற அளவுக்கு வெறும் வெள்ளைக் கஞ்சி.

லிஃப்டில் வேறு யாரும் இல்லை. எதிரிலேயே அறிவிப்பு ஒட்டியிருந்தது. கர்த்தரை நினைத்துக்கொண்டு முதல் வரியைப் படித்தாள். 703 என்ற எண்ணும் அவள் பேரும் அழுத்தமாகக் கோடு போட்டு அடிக்கப்பட்டு, பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்தது: '402. ஜம்சுன். முப்பத்தொரு கிலோ.'

அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. முதல் கரு கலைந்த பயத்தில், மறுபடி உண்டாகியிருப்பது மூன்று மாதம் முடியும்வரை யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கெஞ்சி, மசக்கையில் வாடை தாங்காத சுல்பி தினமும் போக்நம்மின் வாளியில் கொட்டிவிட்டுப் போன கிம்ச்சி ஊறுகாயும் நெத்திலிப் பொரியலும், ஒண்டியாக இருக்கிறாளே என்று மாமியார் ஜம்சுன் தன் கையாலேயே சமைத்து அந்த நாலடுக்கில் கொடுத்தவைதான்.