படகுக்கு ஏது கிழக்கு

மனிதன் கூரையேறி, ஆன்டெனாவைத் திருப்பி, கீழே பார்த்து "வர்தா?" என்று கத்திய காலம் முடிந்துவிட்டது.

முடித்துவைத்தது அவனுடைய துறை. மின்னணுவியல், மூன்றாம் ஆண்டு. இரண்டு அரியர்.

போன வாரம் கருத்தரங்கில் இதை அறிவித்தான். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோளிலிருந்து பாட்டு வருகிறது, அதற்காக யாரும் தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை என்றான். மேஜைமேல் ஏறி, அந்தக் காலத்து ஆள் கத்துவதுபோல நடித்தும் காட்டினான். கைதட்டினார்கள்.

இப்போது பழவேற்காடு ஏரியில், 'டால்பின் 2' என்ற உல்லாசப் படகின் தகரக் கூரைமேல் முழங்காலிட்டு, ஆன்டெனாவின் நான்காவது திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தான்.

'டால்பின் 1' என்று ஒன்று இருந்ததே இல்லை. பெயர் வைத்தவன் படகை ஓட்டும் அவன் அண்ணன்.

தகரம் சுட்டது.

அண்ணனோடு பேசி எழுபத்தொரு நாள்.

அன்று வகுப்புத் தோழர்கள் இருபது பேரை இவன் இதே படகில்தான் அழைத்து வந்திருந்தான். நடு ஏரி. எல்லோரும் பூநாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் சுக்கானைப் பிடித்தபடி, கேட்காமலே சொன்னான்.

"இவன் பத்தாவது வரிக்கும் படகு ஏறுனா வாந்திதான். பக்கெட்டு வெச்சினுதான் கூட்டினு வருவோம்."

பாசமாகத்தான் சொன்னான். மன்னிக்க முடியாதது அதுதான்.

கரை வருவதற்குள் அவன் பெயர் பக்கெட்டு.

விடுதிக் கதவில் பக்கெட்டு. கிரிக்கெட் அணிப் பட்டியலில் பக்கெட்டு. வகுப்பில் பிரவீணாகூட, "பக்கெட்டு, லேப் ரெக்கார்டு தர்றியா ப்ளீஸ்" என்கிறாள். மரியாதையாகத்தான் கேட்கிறாள்.

அன்று மாலையே அந்தப் பக்கெட்டைத் தேடி எடுத்து ஏரியில் எறிந்தான். படகில் தண்ணீர் இறைக்க இருந்தது அது ஒன்றுதான். அது பற்றி அண்ணனுக்கும் ஒரு கருத்து இருந்தது.

முதலில் பேசுகிறவன் தோற்றவன். இதை யாரும் யாரிடமும் சொல்லவில்லை. இருவருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு எல்லாம் ஜாடைதான். அண்ணன் மோட்டாரிடம் பேசுவான். அவன் கயிற்றிடம் பேசுவான்.

நேற்று அண்ணன் மோட்டாரைத் துடைத்தபடி அதனிடம் சொன்னான்.

"மோட்டாரே, சாட்டிலைட்டு ரேடியோ வாங்கியாச்சு. நாளிக்கு பத்து மணிக்கு மெட்ராஸ்லேர்ந்து பெரிய பார்ட்டி. போட்ல பாட்டு இருக்குதுன்னு வாய விட்டுட்டேன். இன்ஜினியரு யாருன்னா இருந்தா மாட்டலாம்."

யாருன்னா.

அந்தச் சொல்லுக்காகவே வந்தான். மாட்டிக் காட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போக வந்தான்.

கிழக்கிலிருந்து தெற்கே எத்தனை பாகை, வானம் பார்த்து எத்தனை பாகை என்று இரவே கணக்குப் போட்டிருந்தான். திசைகாட்டி வைத்தான். சோப்புப் பெட்டி அளவு ஆன்டெனாவை அந்தத் திசைக்குச் சாய்த்து நான்கு திருகாணி அடித்தான். கூரையில் துளை போட்டு வயரைக் கீழே இறக்கினான். கீழே ரேடியோ முன்னால் அண்ணன் உட்கார்ந்திருந்தான்.

அவன் வயரைச் செருகியதும் ரேடியோவில் ஒரு பெண் பாடினாள். அரை வரி.

கூரைமேல் தம்பி காலரைச் சரிசெய்துகொண்டான்.

காற்று அடித்தது. முன்பக்கக் கயிறு ஒன்றால் மட்டும் கரையில் கட்டியிருந்த படகு, கூப்பிட்ட பக்கம் மாடு திரும்புவதுபோல மெதுவாகத் திரும்பியது.

பாட்டு நின்றது.

கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது, வீடுகளுக்கு.

கீழிருந்து குரல் வந்தது. நிதானமாக, மோட்டாரைப் பார்த்து.

"மோட்டாரே, படகுக்கு ஏதுடா கெழக்கு?"

காது மடல்வரை ரத்தம் ஏறியது. திருப்புளியை ஏரியில் எறியக் கை ஓங்கினான். பக்கெட்டு ஞாபகம் வந்தது. ஓங்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டான்.

கரையில் வேன் வந்து நின்றது. பத்துப் பன்னிரண்டு பேர். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், "பாட்டு போடுங்கப்பா" என்றபடியே இறங்கினார்.

நான்கு திருகாணிகளையும் கழற்றினான். ஆன்டெனாவைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றான். திருப்பினான்.

கீழே சத்தமில்லை.

இன்னும் திருப்பினான். கீழே சத்தமில்லை.

"கயிறே," என்றான் பல்லைக் கடித்து. "வர்தான்னு கேட்டுச் சொல்லு."

கயிறு கேட்கவில்லை.

படகு மறுபடி நகர்ந்தது. வேனிலிருந்து இறங்கியவர்கள் பலகையில் கால் வைத்துவிட்டார்கள். எல்லா முகமும் கூரையைத்தான் பார்த்தது. அண்ணன் வாக்குக் கொடுத்த பாட்டு அவன் கையில் இருந்தது, சோப்புப் பெட்டி அளவில்.

"வர்தா..."

கண்ணை மூடிக்கொண்டான்.

"...ண்ணா?"

கீழே ஏதோ விழுந்த சத்தம்.

"இல்லடா. இன்னுங் கொஞ்சம் திருப்பு."

குரல் மோட்டார் பக்கம் இல்லை. கூரைப் பக்கம் இருந்தது.

திருப்பினான். "இப்போ?"

"ஊஹூம். இன்னுங் கொஞ்சம்."

"இப்போ?"

"இன்னும்டா."

இவ்வளவு திருப்பினால் ஆன்டெனா ஆந்திராவைத்தான் பார்க்கும். அவன் சந்தேகத்தோடு தன் கணக்குத் திசைக்கே கொண்டுவந்து, குனிந்து, வயருக்காகப் போட்ட துளையில் கண்ணை வைத்தான்.

ரேடியோவில் சிக்னல் விளக்குகள் அத்தனையும் பச்சை. ஒலிக் குமிழைக் கடைசிவரை இறக்கி, அதன்மேல் கட்டைவிரலை அழுத்தியபடி, அண்ணன் கூரையைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தான்.

அவன் நிமிர்ந்தான்.

ஆன்டெனாவை இம்மியும் அசைக்கவில்லை.

"இப்ப வர்தாண்ணா?" என்று கரைக்கே கேட்கக் கத்தினான்.